மௌனம், முப்பது நிமிடம்

இசைக்குழுவுக்குப் பெயர் வைப்பவர்கள் அந்தப் பெயரை முதலில் மைக்கில் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட வேண்டும். இந்த ஞானம் எனக்குப் பிறந்தபோது நான் மேடையில் கிடாரோடு நின்றிருந்தேன். எதிரே ஒரு மண்டபமே தலை குனிந்து நின்றது.

எங்கள் குழுவின் பெயர் 'மௌனம்'. வைத்த புத்திசாலி நான்தான். (டிரம்ஸ் அடிக்கிற குழுவுக்கு மௌனம் என்று வைத்தால் ஆழமாக இருக்குமாம். அந்த வயதில் ஆழம் எது, பள்ளம் எது என்று யாருக்குத் தெரிகிறது?) பாட்டும் கிடாரும் நான். கீபோர்டு என் தம்பி கார்த்தி. டிரம்ஸ், அவனோடு படித்த சித்திக். கம்பத்தில் சித்திக்கின் அத்தா தேங்காய் மண்டி வைத்திருந்தார். அதன் மாடியில்தான் எங்கள் பயிற்சி.

பாடுவதெல்லாம் எங்கள் சொந்தப் பாட்டு. வினையே அதுதான். மேடை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "சினிமாப் பாட்டு பாடுவீகளா?" இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்பறம் என்னத்தத்தான் பாடுவீக?" போடி, சின்னமனூர், தேனி என்று ஒரு ஊரையும் விடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் "பேண்டா? யூனிபாரம் இருக்கா? ஊர்வலத்துல நடந்துக்கிட்டே வாசிப்பீகளா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். சித்திக் டிரம்ஸ் செட்டோடு தெருவில் நடப்பதைக் கொஞ்ச நேரம் கற்பனை செய்து பார்த்துவிட்டுத்தான் முடியாது என்று சொன்னோம்.

ஒருநாள் சித்திக்கின் அத்தா மாடியேறி வந்தார்.

"ஏம்மா, கீழ வர்ற யாவாரியெல்லாம் மேல என்ன வீட்ட இடிக்கிறீகளான்னு கேக்குறாக. ஒரே ஒரு மேடை ஏறுங்க. சனம் ஒக்காந்து கேக்கணும், அத நான் கண்ணால பாக்கணும். நோன்புக்குள்ள நடக்கலையா, இவன் கல்லாவுல ஒக்காரட்டும். மாடியில நான் காய அடுக்கிக்கிறேன்."

சித்திக் போனால் குழு போச்சு. நாங்கள் சல்லடை போட்டுத் தேடியும் அந்தப் பக்கம் வேறு டிரம்மர் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவனுக்கும் ஒரு அப்பா இருப்பார் அல்லவா?

கார்த்தி யார் யார் காலையோ பிடித்து, வாழை விவசாயிகள் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் அரை மணி நேரம் வாங்கிவிட்டான். அனுமதி கொடுத்தவர் சங்கத் தலைவர் ஒச்சப்பன். "சின்னஞ்சிறுசுக, பாடிட்டுப் போகட்டும்ப்பா" என்றாராம். சொன்ன கையோடு நெஞ்சு வலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். விழா நாளன்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள், நேரே மண்டபத்துக்குத்தான் வருகிறார் என்பது சங்கத்தில் ஓரிருவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருப்பது மட்டுமே தெரியும். மேடை நடுவில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன்மேல் அவருக்குப் போட வாங்கிய ரோஜா மாலையை யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நிகழ்ச்சியைத் தொகுத்தவர் செல்லப்பாண்டி. ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குள் அறிவிப்பவர். துணிக்கடைத் தள்ளுபடிக்கும் துக்கச் செய்திக்கும் அவருக்கு ஒரே குரல்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அடுத்ததாக... மௌனம். முப்பது நிமிடம்."

மண்டபம் முழுக்க நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"அக்கா, எந்திரிச்சு நிக்கிறாகக்கா!" என்றான் சித்திக். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை, அதற்குள் இப்படி ஒரு மரியாதையா! தலை குனிந்திருந்ததைக்கூட ரசனை என்றே நினைத்தேன். (நம்புங்கள், நினைத்தேன்.)

யார் முதலில் எழுந்தது என்று பிற்பாடு பலரிடம் கேட்டிருக்கிறேன். எல்லாரும் பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் கைகாட்டுகிறார்கள். ஒரு கூட்டமே ஒரே நொடியில் ஒரு விஷயத்தை எப்படி நம்புகிறது? தலைவர் இறந்ததாக யாருமே சொல்லவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தார்கள், மாலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கிசுகிசுத்தார், "முப்பது நிமிசமாய்யா? ஒரு நிமிசந்தான வழக்கம்?" பக்கத்தில் இருந்தவர் சொன்னார், "பெரிய மனுசன்ல."

சித்திக் குச்சியைத் தட்டி டமாலென்று ஆரம்பித்தான். மேகமலைக்குப் பைக்கில் போவதைப் பற்றி நான் எழுதிய பாட்டு. தொண்டை கிழியப் பாடினேன்:

"கிளம்பியாச்சு கிளம்பியாச்சு
மேல மேல கிளம்பியாச்சு
திரும்பி வர மாட்டேனே!"

முன்வரிசையில் ஓர் அம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவரின் தங்கை. "ஐயோ அண்ணே! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!"

சரி, பாட்டு உருக்குகிறது என்று இரண்டாம் முறையும் அதே வரியைப் பாடினேன். ஒரு மீசைக்காரர் மேடைக்குத் தாவி ஏறி ஒயரைப் பிடுங்கினார்.

"ஏலே! தலைவரு போயிச் சேந்துட்டாரு, இங்கன குத்துப் பாட்டா பாடுறீக?"

"எந்தத் தலைவர்?" என்றேன். அந்தக் கேள்விக்கு அடி விழாமல் போனது என் பூர்வ புண்ணியம். சித்திக்கின் அத்தா மூன்றாம் வரிசையில் நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாப் பெட்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே நேரம் கடைசி வரிசையில் நடந்ததை ஒச்சப்பன் ஐயாவே பிறகு எங்களுக்குச் சொன்னார். காரிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். எல்லாரும் நிற்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் தலை குனிந்து நின்றிருக்கிறார். பக்கத்தில் இருந்தவரிடம், "யாருப்பா தவறுனது?"

அவர் நிமிராமலே, "நம்ம ஒச்சப்பன் அண்ணந்தான்."

"அடப்பாவமே! எப்ப?"

அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பியவர் போட்ட அலறல் மேடைவரை கேட்டது. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட, ஒச்சப்பன் ஐயா மேடையேறினார். விஷயத்தைக் கேட்டார். என்னிடம் வந்தார்.

"ஒங்க செட்டுக்கு என்னா பேருத்தா?"

"மௌனம்ங்க ஐயா." நான் சொன்னது எனக்கே காதில் விழவில்லை.

அவர் சிரித்த சிரிப்பில் எங்களுக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அல்லவா சிரிக்கிறார்! மைக்கை வாங்கினார். "உசுரோட இருக்கவன் செத்துட்டான்னு சேதி பரவுனா அவனுக்கு ஆயுசு கூடும்பாக. டாக்டரு குடுக்காத கேரண்டிய இந்தப் புள்ளைக குடுத்துருச்சுக. ஒயரச் சொருகுங்கப்பா. நீ பாடு தாயி!"

பாடினோம். அவர் தங்கை அழுத கண்ணோடு கை தட்டினார். கீழே இறங்கியதும் சித்திக் அத்தாவின் முன்னால் போய் நின்றான். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒக்காந்து கேக்கணும்னேன். இவுக நின்னுல்ல கேட்டாக," என்றார். மாடி எங்களுக்கே என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு மேடை கேட்டு நாங்கள் எங்கும் அலையவில்லை. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் வீடு என்று அவர்களே கூப்பிடுகிறார்கள். சினிமாப் பாட்டு பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "மொதல்ல மௌனம்னு அறிவிச்சு எல்லாரையும் நிக்க வச்சிருவீகள்ல?" என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

போன வருடம் என் அப்பாவுக்கே இதயத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். மதுரைக்குக் கிளம்புகிற காலை, வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் குழுவின் பெயரே விளங்காது என்று இத்தனை நாள் ஒரு கச்சேரிக்கும் வராத அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே தலை குனிந்து நின்றாள். "ம், எல்லாரும் நில்லுங்க," என்றாள். நானும் கார்த்தியும் நின்றோம்.

அப்பா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "இருங்கப்பா, சட்டைய மாத்திட்டு வாரேன். இதுக்குப்போயி கசங்குன சட்டையோடவா ஒக்காந்திருப்பாக?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் மற்றவர்கள் எழுந்து தலை குனிந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் வாசலில் வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு மெல்லிய குரலில், "எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார்.

கார்த்தி பல் பிடுங்க ஆண்டிபட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.