ரிசோத்தோ அரிசியில் அவிந்த வான்கோழி ஊதிகள்

வேலைக்குப் போகிறவனைவிட வேலை போனவன் வேகமாக நடப்பான். அன்றைக்கு நான் பலெர்மோவின் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவிலிருந்து பொலிதேயாமாச் சதுக்கம் வரைக்கும் அப்படித்தான் நடந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வீட்டுச் செருப்பு, ஏப்ரன், பாதி குறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல். போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை. பையின் மூலையால் எண்ணெய் சொட்டி, பெரிய கடைகளின் கண்ணாடி வாசல்களுக்கு முன்னால் நான் போன பாதையை அடையாளம் வைத்துக்கொண்டு வந்தது. (ஒரு நாய் அதை நக்கிப் பார்த்துவிட்டு என்னோடு கொஞ்சத் தூரம் வந்தது. அன்று எனக்கு மரியாதை தந்த ஒரே உயிர்.)

வேலை போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, மீன் லொறி, வவுனியாவில் ஒரு பண்ணை, பிறகு ஒரு மேளக் கோஷ்டி என்று கால் போன பக்கம் போய், கடைசியில் கடல் தாண்டி பலெர்மோவில் வந்து நின்றேன். பல இடங்களில் முதலாளி சரியில்லை, சில இடங்களில் யுத்தம் வந்தது. இந்த ஒரு வேலை மட்டும் முழுக்க முழுக்க என் சொந்த அறிவால் போனது.

வேலையைப் பிடித்துத் தந்தவன் மச்சான் அருளப்பன், என் மாமி மகன். லிபெர்த்தாவில் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடி வீட்டில் அவன் வேலை செய்தான். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் மனைவியோடு இருந்தார். எல்லாரும் அவரை அவ்வொகாத்தோ, அதாவது வக்கீல், என்றே கூப்பிட்டார்கள், அவருடைய மனைவியும்கூட. ஒரு மாதம் பார்ப்போம், பிடித்திருந்தால் கொந்த்ராத்தோ எழுதுகிறேன் என்றார் அவர். அந்த ஒப்பந்தத் தாள் இல்லாமல் என் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாமல் மேரி இல்லை. மன்னாரில் மேரியின் தகப்பன் தெளிவாகச் சொல்லியிருந்தார், முதலில் பேப்பர், பிறகுதான் கோயிலில் தாலி என்று. அந்த மனிதரில் பிழை இல்லை. எனக்கு ஒரு மகள் இருந்து, என்னைப் போல ஒருவன் வந்து கேட்டால் நான் நாயை அவிழ்த்து விடுவேன்.

அவ்வொகாத்தோவுக்கு ஒரேயொரு பைத்தியம், வான்கோழி வேட்டை. சிசிலியில் காட்டு வான்கோழி கிடையாது. ஆகவே ஒவ்வொரு வசந்த காலத்திலும் அமெரிக்காவில் இருக்கும் தம்பியிடம் போய், அங்கே ஒரு காட்டில் மரத்தோடு மரமாகக் குந்தியிருந்து, பெட்டை வான்கோழி மாதிரிச் சத்தம் போடுவார். அதைக் கேட்டுச் சேவல் ஓடி வரும். (அவர் என்ன சுட்டார் என்பதை நான் கடைசி வரை பார்க்கவில்லை.) சத்தம் போட அவர் ஒரு சாமான் வைத்திருந்தார். ரிக்கியாமோ என்பார். லாட வடிவில் சின்னச் சட்டம், நடுவில் மெல்லிய இறப்பர்த் தாள்கள், சுற்றிவரப் பசைத்துணி. அதை மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நாக்கை அழுத்தி ஊத வேண்டும். ஒரு சின்னப் பெட்டி நிறைய வைத்திருந்தார்.

அந்த முறை அமெரிக்காவால் வந்ததும் பெட்டியை என்னிடம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக் கூட்டாளிகள் சாப்பிட வருகிறார்கள், ஊதிக் காட்ட வேண்டும், கழுவி வை என்றார். எப்படிக் கழுவுவது என்பதையும் கைச்சாடையோடு ஆறுதலாகச் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் அலசு. இறப்பர்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் பல்லுக்குத்தும் குச்சி வை. நிழலில் காயவிடு. காய்ந்ததும் பெட்டியில் போட்டு ஃபிரிஜ்ஜுக்குள் வை. ஒரு குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் எனக்கு அதைவிட நல்ல முறை தெரியும்.

ஏனென்றால் பெட்டியைத் திறந்த உடனேயே நான் கண்டுபிடித்துவிட்டேன், இது சீவாளி. நாதஸ்வரத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல் துண்டு. நான் வேதக்காரன் என்றாலும் மேளக் கோஷ்டியில் தாளம் போட்டவன். (தாளம் தவறுமா என்று மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள். தவறியது. அது வேறு கதை.) சீவாளிக்கு வேண்டிய நாணலை நெல் அவிக்கும்போது கூடப் போட்டு அவித்து வெயிலில் காயவைத்து எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்ததையெல்லாம் தெரிந்ததாக நினைப்பது அந்த வயதில் என் குணம். பச்சைத் தண்ணீரில் அலசி ஃபிரிஜ்ஜில் வைப்பதா? பாவம் மனிதர், யாரோ அவருக்குப் பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று இரக்கப்பட்டேன்.

லிபெர்த்தாவில் நெல்லுக்கு எங்கே போவது? அவ்வொகாத்தோவின் மனைவி, சிஞ்ஞோரா, ரிசோத்தோ என்கிற குழைசோற்றுக்கு வைத்திருந்த அரிசியைப் பானையில் போட்டேன். அது கொதித்து வந்ததும் ஊதிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். பொங்கலன்று பானையைச் சுற்றி நிற்பவர்களின் முகம் அன்று எனக்கு இருந்திருக்கும். பிறகு வடித்தெடுத்து பல்கனிக் கம்பியோரம் துணி விரித்து நல்ல வெயிலில் பரப்பினேன்.

மேல்மாடிப் பல்கனியில் பாய் தட்டிக்கொண்டிருந்த அருளப்பன் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், அந்தாளின்ரை பல்செட்டையோ வெயில்ல போட்டிருக்கிறாய்?"

"பல்செட் இல்லையடா. சீவாளி மாதிரி ஒரு சாமான்."

"வெயில்ல போடச் சொன்னவரோ?"

"அவருக்கு என்ன தெரியும்?"

அருளப்பன் பாயைக் கீழே வைத்தான். "அவருக்குத் தெரியாட்டிலும் பரவாயில்லை. உனக்குத் தெரிஞ்சதாலதான் பயமாக் கிடக்கு. மேரியை நினைச்சுக்கொண்டு அந்தாள் சொன்னதை மட்டும் செய், ராசா."

மேரியை நினைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையையும் செய்தேன். காய்ந்த இறப்பர் கொஞ்சம் சுருங்கினாற்போல இருந்தது. சுருங்கிய எதற்கும் நம்மிடம் உள்ள மருந்து ஒன்றுதானே. தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுத் தாள் தாளாகப் பூசினேன். மினுங்கின. பெட்டியில் அடுக்கி, குளிர் பிடிக்காமல் இருக்க அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தேன். இறப்பருக்கு வெந்நீர், வெயில், எண்ணெய் மூன்றும் ஆகாது என்பது பிறகுதான் தெரியும். ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டாளிகள் எல்லாரும் லிபெர்த்தா ஆட்கள், ஒருவரைத் தவிர. அவர் சிஞ்ஞோர் நீனோ, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தையில் கோழி விற்பவர். வேட்டைக்குப் போகிறவர்களுக்குள் வக்கீல், கோழிக்காரன் என்ற வித்தியாசம் கிடையாது போலும். சாப்பாடு முடிந்து, அவ்வொகாத்தோ காட்டுக்கதையை உச்சத்துக்குக் கொண்டுவந்து, பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குசினிக் கதவின் பின்னால் நின்று பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

கண்ணாடி போடாமலே ஒன்றை எடுத்து அண்ணத்தில் ஒட்டினார். முகம் ஒரு கணம் யோசித்தது. "கோக்கோ?" என்று, தேங்காயா என்று, தனக்குள் சொன்னார். பிறகு நெஞ்சு நிறைய மூச்செடுத்து ஊதினார்.

சைக்கிள் டியூப்பில் காற்றுப் போகிற சத்தம். திரும்ப ஊதினார். இந்த முறை அதுவும் இல்லை, ஈரமாக ஏதோ வந்தது. தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிப் பசையாகியிருந்தன. மேசையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் கை துடைக்கும் துண்டால் வாயை மூடினார். அவ்வொகாத்தோவின் கழுத்து சிவந்தது. கதவு இடுக்கால் பார்த்த எனக்கு அந்தச் சிவப்பில் தெரிந்தது கொந்த்ராத்தோ, பெர்மெஸ்ஸோ, மேரி, மூன்றும் வரிசையாக.

அப்போதுதான் என் அறிவு கடைசி முறையாக எனக்கு உதவிக்கு வந்தது. வவுனியாப் பண்ணையில் வான்கோழிகளுக்குத் தீனி போட்டவன் நான். அவற்றோடு கதைத்துக் கதைத்து அவற்றின் சத்தம் எனக்கு அத்துப்படி. அவ்வொகாத்தோ மூன்றாம் முறை ஊதுவதற்கு வாயைக் குவித்ததும், கதவின் பின்னால் நின்று நான் கொடுத்தேன்.

"களகளகளகளகள."

மேசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இன்னும் கொஞ்சம் கொடுப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நீளமாக ஒன்று விட்டேன். நன்றாக வந்தது. கண்ணைத் திறந்தபோது அவ்வொகாத்தோ ஊதியை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வான்கோழி இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியது சிஞ்ஞோர் நீனோ. அவ்வொகாத்தோ, நீங்கள் பெட்டையாக இன்னும் கூப்பிடவே இல்லை, அதற்குள் சேவல் குசினிக்கு வந்துவிட்டதே என்றார். பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பை மேல்மாடியில் அருளப்பன் கேட்டிருக்கிறான். கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டானாம்.

அவ்வொகாத்தோ கத்தவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. பெட்டியை மூடினார், வாசலைக் காட்டினார். சிஞ்ஞோராதான் பின்னால் வந்து எண்ணெய்ப் போத்தலைக் கையில் தந்தாள். புருஷன் ஊதுகிற சத்தத்தை வீட்டுக்குள் கேட்டுச் சலித்தவள் அவள். எனக்காக வருத்தப்படுவதாகச் சொன்னாள், ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை.

இப்படித்தான் நான் எண்ணெய் சொட்டச் சொட்டப் பொலிதேயாமாவில் நடந்துகொண்டிருந்தேன். மன்னாருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. சிஞ்ஞோர் நீனோ. சந்தையில் தன் கடைக்கு முன்னால் நின்று கூவி ஆட்களைக் கூப்பிட்ட கிழவன் ஓய்வுபெற்றுவிட்டான், காலையில் வா என்றார். கொந்த்ராத்தோ தருவீர்களா என்று கேட்டேன். இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கொடு, பார்க்கலாம் என்றார். தெருவிலேயே கொடுத்தேன். நாய் ஓடிப்போனது.

பேப்பர் சரிவந்தது. மேரி வந்தாள். இன்றைக்கும் வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "கொஞ்சம் பொறுங்கோ, இவர் என்னை எப்பிடிக் கூப்பிட்டவர் எண்டு செய்து காட்டுவார்" என்பாள். மகள் அதற்கும் முந்தி, சிசிலிக்காரி மாதிரியே இழுத்து, "பப்பா, தக்கீனோ" என்பாள், வான்கோழி என்று. அருளப்பன் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கண்டால் தூக்கி ஒளித்துவைப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் விடிய நான் சிஞ்ஞோர் நீனோவின் கடைக்குப் போனபோது, வாசலில் உரித்த வான்கோழிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே நான் ஏறி நிற்பதற்கு ஒரு மரப்பெட்டி. அதற்கு முதல் சிஞ்ஞோர் நீனோ கத்திகளைக் காட்டி, கழுவு, குளிர்ந்த தண்ணீரில், என்றார். கத்திக்கு வெந்நீர்தான் நல்லது என்று எனக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீரிலேயே கழுவினேன். பிறகு பெட்டியில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கூவத் தொடங்கினேன்.