மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்த குறுக்கு வழி

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். வீட்டு மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பதால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

போன மாதம் லீவில் வந்தீர்கள். சாப்பிட்டோம், தூங்கினோம், கிளம்பினோம் என்று இருந்திருக்கலாம். குடியிருப்போர் சங்கச் செயலாளரான நான் ஒரு அறிவிப்பைத் திறப்பதை, என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள். நான் ‘சங்கம்’ என்ற ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் ‘அறிவிப்பு’, அதற்குள் இந்த வருஷம், அதற்குள் இந்த மாதம் என்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷமாக அப்படித்தான். உங்களுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, ஒரு ஃபைலைத் திறக்கவா இவ்வளவு சுத்தறீங்க? கண்ட்ரோலையும் பியையும் சேர்த்து அமுக்குங்க, பேர்ல ரெண்டு எழுத்து அடிங்க, என்டர் தட்டுங்க. எங்க ஒளிஞ்சிருந்தாலும் வந்து நிக்கும்” என்றீர்கள். நான் அறிவிப்பு அடிக்கிற எடிட்டரில், அந்த ரெண்டு பொத்தானுக்கு அந்த வேலை வரும்படி என்னத்தையோ நோண்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள்.

வந்து நின்றது, மாப்பிள்ளை. ரெண்டாம் மாடி பல் டாக்டர், கேட் விளக்கைத் தானே சரிபண்ணினார். நன்றி அறிவிப்பு போடலாம் என்று உங்கள் வழியில் ‘அறி’ என்று ரெண்டு எழுத்து அடித்தேன். நாலைந்து பெயர் வரிசையாக வருமாம், மேலே நிற்பது திறக்குமாம். நான் எங்கே பார்த்தேன்? ஒற்றை விரலில் அடிக்கிறவன் கீபோர்டைத்தானே பார்ப்பான். டாக்டர் பெயர், வீட்டு எண், மாலை ஆறு மணி என்று காலி இடத்தையெல்லாம் நிரப்பி, அச்சடித்து, உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். லிஃப்ட் கதவில் ஒட்டுவது அவள் வேலை. திறந்திருந்தது இரங்கல் அறிவிப்பு. பாதிப் பல்லோடு நிற்கிற நோயாளி ஒருவர், அடக்கம் எப்போது என்று டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். நான் மாடியேறிப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

அதோடு விட்டதா? என்னிடம் ‘மனசு’ என்று ஒரு ஃபைல் உண்டு. பழையவை, அதற்குள் மிகப் பழையவை, அதற்குள் குப்பை என்று ஏழு ஃபோல்டருக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேன். மனுஷனுக்கு வயிற்றெரிச்சலைக் கொட்ட ஒரு இடம் வேண்டாமா? சங்கத் தலைவர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவார், பேசி முடித்துவிட்டு, என்னய்யா தீர்மானம் என்று என்னையே கேட்பார் என்று எழுதியிருந்தேன். வெத்துவேட்டு என்றும் எழுதியிருந்தேன். புதன்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பைத்தான் திறந்தேன், அதைத்தான் அச்சடித்தேன் என்று சத்தியமே பண்ணியிருப்பேன். ஆனால் லிஃப்ட் கதவில் நின்றது தலைவர் பற்றிய பக்கம்! கீழே என் பெயர், பதவி, எல்லாம் கனஜோர். டாக்டர் விஷயத்தில் ஏமாந்த கண்தானே, மறுபடி ஏமாந்திருக்கும். தலைவர் அதை மூன்று தடவை ஏறி இறங்கிப் படித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒரே பொருள்: என்னைத் தூக்குவது. மகள் வருஷா வருஷம் கூப்பிடுகிறாள், ஒரு மாதம் வந்து இருங்கள் என்று. சங்கத்தை யார் பார்ப்பது என்று ஒரு தடவைகூட நான் கிளம்பியதில்லை. அப்படிக் கட்டிக் காத்த பதவி, ரெண்டே எழுத்தில் போகப்போகிறது! யாருய்யா உங்களைக் கேட்டது? நான் சுத்தினா சுத்திட்டுப் போறேன், எனக்கென்ன ரயிலா ஓடிப்போகுது? மன்னிக்கவும், கை மீறிவிட்டது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, அந்தக் கண்றாவியை எடுத்துவிட்டு, எல்லாம் உங்கள் தப்பு என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

மகளுக்கு என் அன்பு. நீங்கள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வேறு யார் கம்ப்யூட்டரையும் தொடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார் (ஞாயிறு வரை செயலாளர்)

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். இதை அனுப்பற வேலையும் எனக்குத்தான். அவர் சத்தியமே பண்ணலாம். அவர் கொடுத்தது தண்ணீர்த் தொட்டிப் பேப்பர்தான். அவர் குளிக்கப் போனப்ப நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு எழுத்து அடிச்சேன், ‘மனசு’ வந்துச்சு. தலைவர் பக்கத்தை அச்சடிச்சு, அவர் பேரையும் பதவியையும் கீழ சேர்த்து ஒட்டினது நான்தான். பதவி போனாத்தான் மனுஷன் வீட்டை விட்டுக் கிளம்புவார். திங்கக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேன், மகளுக்குத் தெரியும். நீங்க வர வேண்டாம்.

அந்த ஃபைலை முழுசா படிச்சேன். வாட்ச்மேன் பூனைக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கு. என்னைப் பத்தி ஒரு வரி இல்லை, மாப்பிள்ளை. பதினொரு வருஷத்துல, திட்டியாவது ஒரு வரி எழுதியிருக்கலாமில்ல?