பூசாரி கால் அளவு

பின்னி முடித்த சாக்ஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த ருக்குமணிக்கு அழுகையே வந்துவிட்டது. பூசாரி சாம்பசிவத்தின் இரண்டு காலும் அந்த ஒன்றுக்குள்ளேயே போய்விடும். மிச்ச இடத்தில் ஒரு பூனை படுத்துக்கொள்ளலாம்.

"யாருக்குப் புள்ள இது? துரை வூட்டு நாக்காலிக்கு உறையா?" என்றான் புருஷன் நாகப்பன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இந்தப் பூசாரியும் மலையெறங்கிட்டா அப்பத் தெரியும்."

அதுதான் அவளுடைய கவலை. தை மாதக் கடைசியில் மகள் ஜெயாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இந்த மலைமேல் இருக்கும் தேயிலை எஸ்டேட்டின் மாரியம்மன் கோயிலில், மந்திரம் தெரிந்த பூசாரி கையால் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சம்பந்தமே வேண்டாம். முன்பிருந்த பூசாரி குளிர் தாங்காமல் மூட்டை கட்டினார். அவருக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான். கீழே தெலுக் ஆன்சன் ஊரிலிருந்து சாம்பசிவம் வந்து சேர்ந்தது அம்மன் புண்ணியம். அந்த மனிதரும் விடியற்காலையில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் எத்தனை நாள் தாங்குவார், பாவம்! கோயிலுக்குள் தோல் செருப்பு ஆகாது. கம்பளிக்கு ஏது தீட்டு?

பங்களாவில் ஆயா வேலை பார்த்தபோது துரைசாணியிடம் கற்றுக்கொண்ட பின்னல் அவள் கைக்கு மறக்கவில்லை. பிரிஞ்சாங் டவுனில் முத்தலிப் கடையில் கறுப்புக் கம்பளி நூல்தான் இருந்தது. அழுக்குத் தெரியாது என்று அதையே வாங்கி வந்தாள். தகராறெல்லாம் அளவில்தான்.

"அவருகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே லா?" என்றான் நாகப்பன்.

"நல்லாருக்கு! ஒரு பொம்பள போயி, சாமி, காலை நீட்டுங்கன்னா கேக்க முடியும்?"

அதனால் குழாயடியிலிருந்து கோயிலுக்குப் போகும் ஈரப் பாதையில் பூசாரி நடந்த தடத்தை, யாரும் பார்க்காத நேரத்தில் நூல் வைத்து அளந்திருந்தாள். மழையில் சேறு இளகித் தடம் அகன்றுபோயிருந்ததை அவள் யோசிக்கவில்லை.

வெந்நீரில் போட்டால் கம்பளி சுருங்கும் என்று போட்டாள். சுருங்கியது. பச்சைக் குழந்தைக்குக்கூட இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கியது.

மழை கெடுப்பதற்குள் தடத்தை மண்ணோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன? மறுநாள், பூசாரியின் காலடியைப் பதமாக மண்வெட்டியால் வெட்டி எடுத்து, பிஸ்கட் டின் மூடியில் வைத்தாள். யாரோ வரும் சத்தம் கேட்டு ஓடிவந்த அவசரத்தில், மடியில் வைத்திருந்த பின்னல் ஊசிகளில் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது. மடியில் குத்தாமலிருக்க அதன் முனையில் எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருந்தாள். போனால் போகிறது என்று பழைய குடைக்கம்பி ஒன்றைத் தீட்டிக்கொண்டாள். ஆனால் அடுப்புச் சூட்டில் மண் காய்ந்து, குதிகால் ஒரு பக்கம், பெருவிரல் ஒரு பக்கமாக வெடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். சாம்பசிவத்தின் கண்கள் குழி விழுந்திருந்தன. கையில் புதிதாக ஒரு சிவப்புக் கயிறு. வாதத்துக்குக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கற்பூரத் தட்டு கையில் நிற்காமல் ஆடியது.

"சாமி, ராவுல தூக்கமில்லீங்களா?"

"எங்கம்மா தூக்கம்? ஒடம்பெல்லாம் ஒரே நடுக்கமா இருக்கு."

"எனக்குத் தெரியும் சாமி. இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுத்துக்குங்க. எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுடலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். பூசாரி அவளை ஏறிட்டுப் பார்த்தார். திருநீறு பாதி கீழே சிந்தியது.

அதற்குப் பிறகு அவர் மண்ணில் கால் வைப்பதையே விட்டுவிட்டார். புல்லிலும் கல்லிலுமாகத் தாவித் தாவிப் போனார். 'ஐயோ, தரை அவ்வளவு ஜில்லுன்னு இருக்கு போல' என்று ருக்குமணி உருகினாள். இனி அளவுக்குத் தடம் எங்கே கிடைக்கும்? விடியும்போது போய் அவர் வீட்டு வாசற்படியில் அடுப்புச் சாம்பலைச் சன்னமாகத் தூவிவிட்டு வந்தாள். அவர் தண்ணீர் எடுக்கப் போனதும் எட்டிப் பார்த்தாள். அப்பாடா! சாம்பலில் காலடி அச்சாகப் பதிந்திருந்தது.

அன்றைக்குக் கொழுந்து பறிக்கவே போகவில்லை. சோறு ஆக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துப் பின்னி, பொழுது சாய்வதற்குள் ஒரு ஜோடியை முடித்துவிட்டாள். இம்முறை அளவு கச்சிதம்.

"பரவால்ல புள்ள, கெட்டிக்காரிதான்," என்று நாகப்பனே ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாக்ஸை வைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கோயில் கதவில் பூட்டுத் தொங்கியது. பூசாரி வீட்டிலும் பூட்டு. எஸ்டேட் லோரிக்காரன் ஜலால் எதிரே வண்டியை நிறுத்தினான்.

"பூசாரியைத் தேடுறீங்களாக்கா? விடியுறதுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. ரிங்லெட்டுல, கீழ தாப்பாவுக்குப் போற பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டுத்தான் வரேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டாராம்."

ருக்குமணிக்கு ஜெயாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள் முந்தி முடிச்சிருந்தா நின்னிருப்பாரே! குளிரு தாங்கலையாமா தம்பி?"

"குளிரா? அதெல்லாம் பழகிப்போச்சு லா. யாரோ அவரு காலடி மண்ண வெட்டி எடுத்துட்டுப் போயி, எலுமிச்சம்பழத்துல ஊசி குத்திப் போட்டு, நேத்து வாசப்படியில சாம்பலும் தூவிட்டாங்களாம். செய்வினைக்குப் பயந்துதான் மனுசன் ஓடிட்டாருக்கா!"