பரஸ்பர எதிர்பார்ப்புப் பத்திரம்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே நிற்கும் ஒரு கலைக் கல்லூரி, சென்ற கல்வியாண்டின் இறுதிப் பருவம் தொடங்கிய திங்கட்கிழமை காலை பத்தரை மணியோடு கல்லூரியாக இருப்பதை நிறுத்திக்கொண்டு, ‘கற்றல் சமூகம்’ ஆயிற்று. கட்டடம் மாறவில்லை, கூரை ஒழுகும் இடங்களும் மாறவில்லை, பெயர்ப்பலகை மாறியது. தர மதிப்பீட்டுக் குழு ஒன்று ஏப்ரலில் வரவிருப்பதாகக் கடிதம் வந்ததும் அதே வாரம்தான். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாகச் சான்று கிடைக்கவில்லை.

முதல்வர் முனைவர் ராஜ்மோகன் சுற்றறிக்கை விடுத்தார். “கற்றல் சமூகத்தில் ஆசிரியர், மாணவர் என்னும் வேறுபாடு கிடையாது. ஒவ்வொருவரும் மற்றவரிடம் தாம் எதிர்பார்ப்பதைப் பத்திரத்தில் எழுதி, எதிர்பார்க்கப்பட்டவரின் கையொப்பம் பெற்று ஒப்படைத்தல் வேண்டும். தவறும் மாணவர்க்குத் தேர்வு நுழைவுச்சீட்டு வழங்கப்படமாட்டாது.” தவறும் ஆசிரியர்க்கு என்ன வழங்கப்படமாட்டாது என்பது குறிக்கப்படவில்லை.

ஆசிரியர்கள், மாணவர் நேரத்துக்கு வர வேண்டும் என்று எதிர்பார்த்தனர். மாணவர்கள், ஆசிரியர் அன்போடு நடத்த வேண்டும் என்று எதிர்பார்த்தனர். இவ்வெதிர்பார்ப்பு முந்நூறு பத்திரங்களில் ஒரே எழுத்துப்பிழையோடு காணப்படுகிறது.

வணிகவியல் மூன்றாமாண்டு, செலியமேட்டு உஷாராணி மட்டும் வேறொன்று எழுதினாள்: “புள்ளியியல் நடத்த ஓர் ஆசிரியர் வர வேண்டும்.” (‘ஆசிரியரைக் கண்ணிலாவது காட்ட வேண்டும்’ என்பது அரியாங்குப்பத்திலிருந்து வண்டியில் வருவோர் சொல்லும் பாடபேதம். பத்திரத்தை நேரில் கண்டோர் முன்னதையே உறுதி செய்கின்றனர்.) அப்பணியிடம் இரண்டாண்டாகக் காலி. அவளுக்குத் தேர்வெழுத மிஞ்சியிருந்ததோ அந்த ஒரு தாள். அதை எழுதிப் பட்டம் பெற்றால் வில்லியனூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஜூன் மாதமே வேலை; சொல்லி வைத்திருந்தார்கள். எழுதாவிட்டால் அம்மாவோடு கரும்புக்குக் காய்ந்த சோகை உரிக்கப் போக வேண்டும்.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தார் தலைமை எழுத்தர் சூசைநாதன்.

“இன்னாம்மா இது? இங்க கையெழுத்து இல்லையே.”

“யாரு சார் போடுவாங்க?”

“யார்கிட்ட எதிர்பாக்குறியோ அவங்க. புள்ளியியல் ஆசிரியர்கிட்ட வாங்கினு வா.”

“அவரு வரணும்ன்றதுதான் சார் என் எதிர்பார்ப்பே.”

“அப்ப அவரு வந்ததும் வாங்கிக்க.”

“எப்ப சார் வருவாரு?”

“ஆள் இல்லைன்னு மேல எழுதுனாதான் வருவாரு. ஆள் இல்லைன்னு நான் எப்படி எழுதுறது? உன் ஃபார்ம் வரணும். ஃபார்ம் எப்படி வாங்குறது? அவரு கையெழுத்து வேணும்.” சூசைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல?”

வெளியே காத்திருந்த தோழி மஞ்சுளா தலையில் அடித்துக்கொண்டாள். “அன்பா இருக்கணும்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானடி? காலேஜே அதத்தான் எழுதுச்சு.”

“அன்பா இருக்கிறதுக்கும் ஒரு ஆளு வேணும்லடி?”

விவகாரம் முதல்வரிடம் சென்றது. அவர் தம் சுற்றறிக்கையைத் தாமே இருமுறை படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்தது.

“வேறுபாடு கிடையாது என்று இருக்கிறதே! அப்படியானால் நீயே ஆசிரியர். புள்ளியியல் தெரியுமா?”

“யூடியூப் பாத்துக் கொஞ்சம் படிச்சிருக்கேன் சார்.”

“பணியிடத்துக்கு விண்ணப்பிப்பவர்களும் அப்படித்தான். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.”

உஷாராணி அன்றே ‘கற்றல் வழிநடத்துநர்’ ஆனாள். பத்திரத்தில் எதிர்பார்ப்பவர், எதிர்பார்க்கப்படுபவர் என இரண்டு கையொப்பங்களும் அவளே இட்டாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் போலி என்பார்கள் என்று சூசைநாதன் அஞ்சியதால், மாணவி தமிழிலும் வழிநடத்துநர் ஆங்கிலத்திலும் கையெழுத்திட்டார்.

இதுவரையில் யாருக்கும் தீங்கில்லை. அவள் நன்றாக நடத்திவிட்டாள் என்பதில்தான் சிக்கல் தொடங்கிற்று. சராசரியைக் கரும்புக்கட்டின் எடையை வைத்து விளக்கினாள். திட்ட விலக்கத்துக்குச் செலியமேட்டுப் பேருந்தின் தாமதத்தை ஒரு மாதம் குறித்துவந்து பலகையில் எழுதினாள். வகுப்பிலிருந்த மற்ற நாற்பத்தொரு பேரும், தமக்குப் புரிந்துவிட்டதோ என்று ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துக்கொண்டனர். “இவ்ளோதானாடி இது?” என்றாள் மஞ்சுளா.

ஏப்ரலில் குழு வந்தது. கடைசி வரிசையில் அமர்ந்து அரைமணி நேரம் கேட்டது. “இந்த அம்மையார் எங்கே ஆய்வுப் பட்டம் பெற்றார்?” என்று குழுத் தலைவர் வினவ, “எங்கள் சொந்த உருவாக்கம்” என்றார் முதல்வர், பொய் கலவாமல். உயர்தரம் வழங்கப்பட்டது. ஆசிரியர் இன்றியே புள்ளியியல் இத்துணைச் சிறப்பாக நடப்பதைக் கண்ட மேலிடம், அந்தக் காலிப் பணியிடத்தையும் மகிழ்ச்சியோடு நீக்கிற்று.

நுழைவுச்சீட்டு வழங்கும் நாள் வந்தது.

“உனக்கு இல்லம்மா” என்றார் சூசைநாதன். “புள்ளியியல்ல அட்டெண்டன்ஸ் சைபர்.”

“சார்! ஒரு நாள் கூட நான் லீவு போடலயே!”

“கற்றல் சமூகத்தோட ஏழாவது விதி. வருகைப் பதிவு மாணவர்களோட கூட்டுப் பொறுப்பு. அவங்களே முறைவெச்சு எடுத்தாங்க. தன் இடத்துல உக்காந்திருக்கிறவங்கதான் வந்தவங்க. நீ உக்காந்தியா?”

“போர்டுகிட்ட நின்னேன்.”

“நின்னவங்களுக்குக் கட்டம் இல்லம்மா. கீழ வேற பாரு. ஐம்பத்தெட்டு நாளும் ‘சரிபார்த்தேன்’னு வழிநடத்துநர் கையெழுத்து. யாருது?”

உஷாராணி பார்த்தாள். ஆங்கிலக் கையெழுத்து. மணி அடிக்கும் அவசரத்தில், நீட்டிய பதிவேட்டில் மேலே என்ன இருக்கிறது என்று பாராமல் இட்டவை. தான் வரவில்லை என்று ஐம்பத்தெட்டு முறை தன் கையாலேயே சான்றளித்திருந்தாள். சாக்பீஸ் தூளில் கைரேகையும் பதிந்திருந்தது.

அவள் மஞ்சுளாவைத் தேடிப் பிடித்தாள். “ஒருத்தி கூட சொல்லலயேடி!”

“நாங்க இன்னாடி பண்றது? பொய் அட்டெண்டன்ஸ் போட்டா எல்லார் ஹால் டிக்கெட்டும் போயிடும்னு மூணாவது விதி. உன் பெஞ்சு காலியாதான இருந்துச்சு?”

“எதுர்ல நின்னுனு இருந்தேனேடி!”

“நல்லா நடத்தினு இருந்த. நடுவுல இத வேற சொல்லி இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு…” மஞ்சுளா பாதியில் நிறுத்தித் தன் நுழைவுச்சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உஷாராணி முதல்வரிடம் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். “உட்காருங்கள். மாணவி என்ற முறையில் நீங்கள் தாராளமாக மேல்முறையீடு செய்யலாம். வழிநடத்துநரின் பரிந்துரை இருந்தால் போதும்.”

“நான்தான சார் வழிநடத்துநர்? இப்பவே எழுதித் தரேன்.”

“அங்குதான் நுட்பம். உறவினருக்குப் பரிந்துரைத்தல் கூடாது. ஒருவர் தமக்குத் தாமே உறவினர் ஆவாரா என்று சட்ட ஆலோசனை கேட்டிருக்கிறேன். ஜூலையில் வந்துவிடும்.”

“பரீட்சை மே மாசம் சார். ஜூன்ல எனக்கு வேலை.”

“வேலை என்றதும் நினைவு வருகிறது” என்று ஒரு தாளை நீட்டினார். புள்ளியியல் தேர்வுக்கு அவளை அறை மேற்பார்வையாளராக நியமிக்கும் ஆணை அது. மேற்பார்வையாளர் வராத அறையில் தேர்வு நடைபெறாது என்றும், அவ்வறையின் நாற்பத்தொரு பேரும் அடுத்த ஆண்டே எழுத நேரும் என்றும் அடியில் கண்டிருந்தது.

தேர்வன்று உஷாராணி சென்றாள். சேலை கட்டிச் சென்றாள் என்பது பெரும்பான்மைப் பாடம்.

வினாத்தாள் உறையைப் பிரித்தாள். எட்டு வினாக்களும் அவள் நடத்தியவை. நான்காம் வினா ஏறத்தாழ செலியமேட்டுப் பேருந்தே. வினாத்தாள்களை வழங்கிவிட்டு, விதிப்படி வருகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பதிவெண்ணாக அழைத்தாள். பட்டியல் முன்பே அச்சானது. நாற்பத்திரண்டு எண்களும் அதில் இருந்தன. விடை வராத எண்ணை மும்முறை அழைத்த பின்னரே ‘வரவில்லை’ எனக் குறித்தல் வேண்டும்.

இருபத்து மூன்றாம் எண் அவளுடையது. அழைத்தாள். அறையில் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் முறை சற்று உரக்க அழைத்தாள். சிலர் தலை நிமிர்ந்து, மீண்டும் குனிந்தனர். மூன்றாம் முறை அழைத்து, நிமிர்ந்து, தான் நடத்திய நாற்பத்தொரு முகங்களையும் பார்த்தபடி நின்றாள்.

அப்போது விடையிறுத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மஞ்சுளா என்பர் செலியமேட்டார். எல்லோரும் ஒருசேரச் சொன்னதாகப் பூரணாங்குப்பத்தில் சொல்கின்றனர். சொன்ன சொற்களில் மட்டும் வேறுபாடே இல்லை:

“அவங்க வரல, மேடம்.”