வீல் சாரின் ஐந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்தவர் ஒன்பது ஐந்துக்கு மூடிவிட்டார். நான்கு சக்கரங்களும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. அழுக்கு என்று பேருக்குக்கூட ஒரு பொட்டு இல்லை. தேய்க்க எங்காவது கொஞ்சம் மிச்சமிருக்கிறதா என்று வீல் சார் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"என்னங்க, முடிஞ்சிடுச்சா?" இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என் தம்பி சொன்ன மாதிரியே அஞ்சு நிமிஷம்தான்! சீக்கிரம் வாங்க, அப்பா நோட்டைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கார்."

"இல்ல, இன்னும் ஒரு தடவை தண்ணி ஊத்தி..."

"அதான் மின்னுதே! வாங்கன்னா வாங்க."

வீல் சார் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர். ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஐந்து நிமிடக் கோப்பை ஐந்து வாரம் இழுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் திறமையை ஞாயிற்றுக்கிழமைகளில் கார் சக்கரங்களிடம் காட்டிவந்தார். ஒன்பது மணிக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பதினொன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். பழைய டூத் பிரஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் தேய்ப்பார். "பிரேக் தூள் சார், சும்மா இல்ல. விட்டா வீலையே தின்னுடும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வகுப்பெடுப்பார்.

உண்மையில் அவருக்குச் சக்கரங்கள் மேல் ஒரு பிரியமும் கிடையாது. மாடியில் மாமனார் இருந்தார், அவ்வளவுதான்.

மாமனார் முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் மீட்டர் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு வந்து தங்கி, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது வீல் சார் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். "பிரமாதம் மாமா! அடுத்தது எப்போ?"

மனைவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அப்பா படிக்க வேண்டும், புருஷன் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததுமே வீல் சாருக்குச் சக்கரங்கள் மேல் திடீர் அக்கறை பிறந்துவிட்டது.

"எனக்கு மட்டும் கேக்க ஆசை இல்லையா? இந்த வீல் அழுக்குதான் விடமாட்டேங்குது" என்று வாராவாரம் பெருமூச்சு விடுவார். மாமனாரும் பெரிய மனது பண்ணி, "மாப்பிள்ளை இல்லாம படிச்சா நல்லாருக்காதும்மா. அவர் மெதுவா வரட்டும்" என்று பேப்பரை விரித்துக்கொண்டு பால்கனி நாற்காலியில் சாய்ந்துவிடுவார். இப்படியே இரண்டு வருஷம் போனது.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. கார்களைப் பளபளப்பாக்கும் கடை வைத்திருந்த தம்பியிடம் சொல்லிக் குறைபட்டாள். அவன் அக்காவின் கல்யாண நாள் பரிசாக நான்கு சக்கரங்களுக்கும் சீலன்ட் பூசிக் கொடுத்துவிட்டான்.

"கண்ணுக்குத் தெரியாத தோல் மாதிரி அத்தான் இது. அழுக்கு ஒட்டவே ஒட்டாது. ஒரு மக் தண்ணி ஊத்தினா போதும். ஒரு வருஷத்துக்கு நீங்க ஃப்ரீ!"

ஃப்ரீயாகிவிட்ட வீல் சார் மாடியேறிப் போய் மாமனாருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுக்குள்ளயா முடிஞ்சிடுச்சு?" என்றார் மாமனார். அவர் முகம் ஏனோ சுண்டியிருந்தது. இவ்வளவு நாள் காக்க வைத்த கோபம் போலிருக்கிறது என்று வீல் சார் நினைத்துக்கொண்டார். மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "அத்தியாயம் மூன்று. முக்கால் அங்குல மீட்டரை நான் முதன்முதலாகச் சந்தித்தது."

முக்கால் அங்குல மீட்டர் பதினொன்றரை வரை ஓடியது.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் வீல் சார் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலுவலகத்துக்குப் பின்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எல்லா வண்டிகளும் சுற்றிக்கொண்டு போன அந்தச் சேற்றில் இவர் மட்டும் நாலு ரவுண்டு அடித்தார். ஐந்தாவது ரவுண்டில், சிவப்புக் கொடி பிடித்திருந்த தொழிலாளி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"வழி அந்தப் பக்கம் சார்!"

"தெரியும்பா, தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆறாவது ரவுண்டும் அடித்தார்.

ஞாயிறு காலை குளத்திலிருந்து எழுந்து வந்த எருமை போல கார் நின்றது. வீல் சார் சீட்டியடித்தபடி முக்காலியைப் போட்டார். ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். சக்கரத்துச் சேறு அப்படியே வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தது. போகட்டும், கதவெல்லாம் சேறு இருக்கிறதே என்று அவர் துணியை நனைத்த நேரம் பார்த்து, தண்ணீர் பீய்ச்சும் மெஷினோடு மச்சான் வந்து இறங்கினான். அக்கா போன் பண்ணியிருந்தாள்.

"நீங்க நகருங்க அத்தான்! இது நம்ம வேலை."

பத்தே நிமிடத்தில் சேறு போன இடம் தெரியவில்லை. அதோடு விட்டானா? கதவு, கூரை, கண்ணாடி என்று ஒன்றுவிடாமல் சீலன்ட் பூசினான். "இனிமே காக்கா எச்சம் போட்டாக்கூட நிக்காது" என்று பெருமையாக வேறு சொன்னான்.

அத்தியாயம் நான்கின் தலைப்பு, கசிவு.

அடுத்த சனிக்கிழமை மனைவி குளிக்கப் போன நேரத்தில் வீல் சார் விளக்கெண்ணெயையும் கிரீஸையும் சலித்த மண்ணையும் குழைத்து எடுத்துக்கொண்டு கீழே போனார். அலுவலகத்தில் எந்த வேலைக்கும் காட்டாத சுறுசுறுப்போடு நாலு சக்கரங்களிலும் அப்பினார். சீலன்ட் அந்தக் கலவையையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது மெதுவாக வழிந்து உள்ளே இருந்த பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயந்தரம் கடைக்குப் போக மனைவி வண்டியை எடுத்தாள். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வாசல் கேட்டை முட்டிய பிறகு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மச்சான் ஓடிவந்து, "பிரேக்கைப் பிரிச்சுக் கழுவணும் அத்தான், திங்கட்கிழமை தரேன்" என்று காரையே கொண்டுபோய்விட்டான்.

கார் இல்லாத மனுஷன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்? ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை இரண்டு அத்தியாயங்கள் ஓடின. நடுவில் மாமனாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"மாமா, தொண்டை கரகரன்னு இருக்கே. இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமே" என்றார் வீல் சார், அடக்கமாக.

மாமனாரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "மாப்பிள்ளை சொன்னா சரி" என்று நோட்டை மூடப் போனார்.

"உங்க உடம்புக்காகச் சொல்றார்ப்பா அவர். மனசுக்குள்ள எவ்வளவு ஆசையா கேக்கறார்னு எனக்குத் தெரியாதா?" மனைவி வெந்நீர் டம்ளரை நீட்டினாள். "குடிச்சிட்டுப் படிங்க."

மாமனார் வெந்நீரைக் குடித்தார். மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படித்தார்.

இனி வேர் வரைக்கும் போக வேண்டியதுதான் என்று வீல் சார் முடிவு கட்டினார். செவ்வாய்க்கிழமை இரும்புக் கடையில் ஆறு உப்புத்தாள் வாங்கினார். சக்கரங்களைச் சுரண்டி அந்தத் தோலையே உரித்துவிடுவது என்று திட்டம். வாங்கியவற்றைச் செருப்பு அலமாரிக்குள் மறைத்தார். பிறகு, உத்தியோகப் பழக்கம் விடுமா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். புதன் போனது. வியாழனும் போனது.

வெள்ளிக்கிழமை உப்புத்தாளை எடுக்கப் போனால் இரண்டுதான் இருந்தது. ஆறு வாங்கியதாக ஞாபகம். யோசித்துக்கொண்டே கீழே இறங்கி காருக்குப் பக்கத்தில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சக்கரங்கள் மங்கிப்போயிருந்தன. விரலால் தடவினால் சொரசொரத்தது. விரலில் கரியும் ஒட்டியது. சீலன்ட் தானாகவே கழன்றுகொண்டுவிட்டது! ஒரு வருஷம் உழைக்கும் என்று மச்சான் அடித்துச் சொன்ன சரக்கு ஒரு மாதம் தாண்டவில்லை. ஒரு மனிதரின் கடைச் சரக்கு கெட்டுப்போனதற்காக இன்னொரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை.

ஞாயிறு காலை முக்காலியும் டூத் பிரஷும் பழைய இடத்துக்கு வந்தன. மாமனார் பால்கனியில் பேப்பரை விரித்தார். "மாப்பிள்ளை மெதுவாவே வரட்டும்மா" என்ற குரல் கீழே வரை கேட்டது. வீல் சார் முதல் நட்டில் பிரஷை வைத்தார். உலகத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பத்து மணிக்கு மச்சான் வந்து நின்றான். அக்கா மறுபடியும் போன் பண்ணியிருந்தாள். அவளும் கூடவே இறங்கி வந்தாள்.

"என் கடை பேர் என்ன ஆவறது அத்தான்?" மச்சானின் குரல் உடைந்திருந்தது. குனிந்து சக்கரத்தை உற்றுப் பார்த்தான். சட்டென்று நிமிர்ந்தான். "இது தானா போகல. கீறல் பாருங்க. யாரோ உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க!"

மிச்சமிருந்த இரண்டு தாளும் மாடியில், வீல் சாருடைய செருப்புக்குப் பக்கத்திலேயே இருந்தன. தேடினால் யார் மாட்டிக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும். யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். அலுவலகத்தில் இந்த மாதிரி நேரத்தில் கடைநிலை ஊழியரைக் கூப்பிடுவார். இங்கே வாட்ச்மேன் இருந்தார்.

"யோவ், இங்க வா! உனக்குத் தெரியாம என் வண்டி மேல எவன் கை வெச்சான்? பொறாமை பிடிச்சவங்ககிட்ட கையை நீட்டிட்டு வேடிக்கை பார்த்தியா? இன்னைக்கே உன் வேலைக்கு உலை வைக்கிறேன் பாரு!"

வாட்ச்மேன் ஒருமுறை இரண்டாம் மாடியை நிமிர்ந்து பார்த்தார். அங்கே பால்கனியில் பேப்பர் முகத்துக்கு மேலே ஏறியிருந்தது.

"சொல்றியா, செக்ரட்டரியைக் கூப்பிடவா?" என்று வீல் சார் இன்னும் சத்தமாகக் கத்தினார். பக்கத்து பால்கனிகளிலெல்லாம் தலைகள் முளைத்தன.

"சத்தியம் வாங்கிட்டுப் போனாரு சார், ஆனா என் பொழப்புக்கே உலை வைக்கறேங்கறீங்க" என்றார் வாட்ச்மேன். "உங்க மாமனார்தான். 'வீல் அழுக்கானாத்தான்யா மாப்பிள்ளை கீழ போவாரு. அவர் ஆசைப்படறாருன்னு பொண்ணு படிக்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டையே போச்சு'ன்னு தினம் விடிகாலைல வந்து தேய்ச்சாரு. உங்க செருப்பு அலமாரில இன்னும் ரெண்டு தாள்தான் மிச்சம் இருக்காம், நீங்க அடுத்த தடவை வாங்கும்போது கொஞ்சம் சேர்த்து வாங்கினா நல்லதுன்னாரு."