ஜெயராமன் டிராக்டருக்கு லோடர் வாங்கிய விவரம்

டாலிகஞ்ச்,
கல்கத்தா – 700 033
15-11-1981

சிரஞ்சீவி ஜெயராமனுக்கு அத்திம்பேர் சிவராமகிருஷ்ணன் மனப்பூர்வமான ஆசீர்வாதங்களுடன் எழுதியது. இங்கே நானும் உன் அக்கா ஷியாமளாவும் சௌக்கியம். என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பாதாள ரயிலுக்காக எங்கள் தெருமுனையில் தோண்டிய பள்ளமும் எந்தக் குறைவுமில்லாமல் அப்படியே இருக்கிறது. லால்குடியில் நீ, சௌபாக்கியவதி ஜலஜா, குழந்தைகள், உன் புது டிராக்டர் எல்லோரும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் சந்தோஷ சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். லோடர் அமைந்துவிட்டது. புளியங்கொம்பாகப் பிடித்திருக்கிறேன். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

பள்ளிக்கூட வாத்தியார் வேலையோடு நிற்காமல் விவசாயத்திலும் இறங்கி டிராக்டர் வாங்கிவிட்டாய் என்று ஆவணியில் உன் கடிதம் வந்தபோதே எனக்குப் பெருமையாக இருந்தது. "தை பிறந்ததும் ஏரியில் வண்டல் அள்ளிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதற்கு டிராக்டரின் முன்னால் மாட்டுகிற லோடர் வேண்டும், ஹவுராப் பட்டறைகளில் எது தரமானது என்று அத்திம்பேர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அது சரியாக அமையாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சரியான ஆளிடம்தான் கேட்டாய். சணல் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் ஆயுசைக் கழித்தவன் நான். மூட்டையை முகர்ந்து பார்த்தே எந்த ஜில்லாச் சணல், எத்தனை ஈரம் என்று சொல்லிவிடுவேன். ரிடையர் ஆன பிறகும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டில் துவரம்பருப்பை நான்கு தரமாகப் பிரித்து, தனித்தனி டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டினேன். காய்கறிக்காரன் கூடையில் பாதியைத் தள்ளுபடி செய்தேன். ரசத்துக்கும் ஒரு தரவரிசை தயார் செய்துகொண்டிருந்தேன். உன் அக்கா அதையெல்லாம் பாராட்டுவதற்குள் உன் கடிதம் வந்துவிட்டதால் அந்த வேலை பாதியில் நிற்கிறது.

உன்மேல் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இயந்திரம் வைத்திருப்பவன் விவரங்களை விரல்நுனியில் வைத்திருக்க வேண்டாமா? எத்தனை குதிரை சக்தி என்று கேட்டால் முதல் கடிதத்தில் முப்பத்தைந்து என்கிறாய், அடுத்ததில் "நல்ல சக்தி உள்ளதுதான்" என்று எழுதுகிறாய். முன் அச்சின் அகலம் கேட்டதற்கு, "எல்லா டிராக்டருக்கும் இருக்கிற அகலம்தான் அத்திம்பேர்" என்று ஒரு பதில். முதலில் சிவப்பு டிராக்டர் என்றாய், பிறகு நீலம் என்றாய். நடுவில் பெயிண்ட் அடித்தாய் போலிருக்கிறது. வாங்கிய புதிதில் எதற்கு அந்தச் செலவு? போகட்டும், கடைசியில் நான் தந்தி கொடுத்துக் கேட்ட பிறகாவது கம்பெனி பெயரும் அளவும் எழுதினாயே, அதுவே போதும்.

ஹவுராவில் நான் ஏறி இறங்காத பட்டறை இல்லை. டிராமில் எஸ்பிளனேடு வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் தொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் ஒரு பொழுது போய்விடும். நாம் போய்ச் சேர்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். இருட்டில் பொருளைக் காட்டுகிறவனை நம்பக் கூடாது என்பதால் கரண்ட் வரும் வரை உட்கார்ந்திருப்பேன். அதற்குள் அவன் தன் குடும்பக் கதையையும் நான் சணலின் கதையையும் சொல்லி முடித்திருப்போம். உன் அக்காவும் சில நாள் தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு கூட வந்தாள். இரும்பைப் பற்றி அவளுக்கு இத்தனை அக்கறை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எந்த லோடரைப் பார்த்தாலும், "ஏன்னா, இது வேண்டாம், ஏதோ சரியில்லை" என்று சொல்லிவிடுவாள். எனக்காவது சிலது பிடித்தது, அவளுக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. தம்பி ஏமாந்துவிடக் கூடாது என்கிற பாசம், வேறென்ன!

முதல் பட்டறையில் மஞ்சள் பெயிண்ட் கண்ணைப் பறித்தது. வெளுத்ததெல்லாம் பாலாகிவிடுமா? வீட்டுச் சாவியால் மண் அள்ளும் பக்கெட்டின் மூலையைச் சுரண்டினேன், பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெல்டிங் அங்கங்கே இருந்தது, மற்ற இடத்தில் தெய்வச் செயலாக ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த முறை சாவியோடு உள்ளே விடமாட்டார் என்று தெரிந்தது. இன்னோர் இடத்தில் வெல்டிங் கோடு கோலம் போட்ட மாதிரி சீராக இருந்தது. ஆனால் லோடரின் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம், மூட்டில் மாட்டியிருந்த பின் அத்தனை தளர்ச்சி. புதிதிலேயே இப்படி ஆடினால் ஏரிச் சேறு உள்ளே புகுந்த பிறகு என்ன ஆகும்? மற்றொன்றில் எல்லாம் சரி, ஆனால் எண்ணெய்ச் சிலிண்டருக்குள் போய்வருகிற பளபளப்பான தண்டில் நகத்தால் தடவினால் ஒரு கீறல் தட்டியது. அந்தக் கீறல் போதும், மாசத்தில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிடும். "அப்போ வேண்டாம், வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்" என்று உன் அக்கா அன்றைக்கு எத்தனை சந்தோஷமாக எழுந்தாள் தெரியுமா? மோசமான சரக்கிலிருந்து தம்பி தப்பினான் என்கிற நிம்மதி அவளுக்கு.

கடைசியில்தான் நிமாய் பாபு பட்டறை. கனத்த சரீரம், வெற்றிலை வாய், எது கேட்டாலும் சிரிப்பு. அவருடைய லோடருக்குப் பெயிண்டே அடிக்கவில்லை. வாங்குகிறவர் வெல்டிங்கைப் பார்த்த பிறகுதான் அடிப்பாராம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாவிக்கு வேலையில்லை. பின் ஆடவில்லை, தண்டில் கீறலில்லை, பக்கெட்டின் உதட்டில் தனியாகக் கெட்டி எஃகு வைத்து வெல்டு செய்திருந்தார். மிச்சம் ஒரே ஒரு சோதனைதான். பட்டறை டிராக்டரில் மாட்டி, பாரத்தோடு மேலே தூக்கி இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். நல்ல லோடர் என்றால் தூக்கின இடத்திலேயே நிற்கும். உள்ளுக்குள் எண்ணெய் கசிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். பழைய இரும்பை நிரப்பச் சொன்னேன். ஆனால் அந்த இரும்பின் எடைக்கு யார் ஜவாப்தாரி? என் எடை எனக்குத் தெரியும். ஆகவே நானும் ஏறி உட்கார்ந்தேன். விற்கிறவர் கூட வந்து உட்கார்ந்தால்தான் நம்புவேன் என்றும் சொல்லிவிட்டேன். நிமாய் பாபு காளிமாதாவைக் கூப்பிட்டபடியே ஏறினார். பக்கெட்டில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, தூக்கினதும் நுனி தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி அளந்து தொங்கவிட்டு, அந்த இடைவெளியைக் கவனிக்க உன் அக்காவைக் கீழே நிறுத்தினேன்.

டிரைவர் எங்களைத் தூக்கிவிட்டு, இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு டீக்கடை ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை கேட்கப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் பட்டறை வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே அந்தரத்தில். கொஞ்ச நேரத்தில் சந்தில் கூட்டம் கூடிவிட்டது. கல்கத்தாவில் இரண்டு பெரியவர்கள் எங்கேயாவது ஏறி உட்கார்ந்து இறங்காமல் இருந்தால் ஜனங்கள் தர்ணா என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? பக்கத்துப் பட்டறை யூனியன்காரர்கள் கொடியோடு வந்துவிட்டார்கள். தாதா, அதாவது அண்ணா, உங்கள் கோரிக்கை என்ன என்று வங்காளியில் கேட்டார்கள். கீழே இறங்கக் கூடாது, அதுதான் கோரிக்கை என்றேன். பக்கெட்டைத்தான் சொன்னேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், "சொல்பே நா, சொல்பே நா" என்று கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நடக்காது, விடமாட்டோம் என்று அர்த்தம். எதை விடமாட்டோம் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் எங்களுக்குப் பொரி வாங்கி மேலே நீட்டினார். தன் பட்டறை வாசலிலேயே தனக்கு எதிராகக் கோஷமா, ஆதரவாகக் கோஷமா என்று புரியாமல் நிமாய் பாபு என்னோடு சேர்ந்து பொரி தின்றார். காற்று நன்றாக வந்தது. எனக்கு இறங்கவே மனமில்லை.

நடுநடுவில் ஷியாமளாவிடம் இறங்கியிருக்கிறதா என்று கேட்டேன். "இறங்கின மாதிரிதான் இருக்கு" என்றாள். நிமாய் பாபு முகம் சுண்டிவிட்டது. யூனியன்காரர்களையே குனிந்து பார்க்கச் சொன்னேன். விரற்கடை அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூட இறங்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். உன் அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். டிரைவர் வந்து எங்களை இறக்கியதும் அங்கேயே பேசி முடித்துவிட்டேன். இன்னும் ரெண்டு இடம் பார்க்கலாம், அடுத்த வருஷம் வாங்கிக்கலாம் என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். தையில் வேலையை வைத்துக்கொண்டு ஜெயராமன் எப்படிக் காத்திருப்பான் என்று நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

இது என் அன்பளிப்பு. மறுக்காதே. ஆனால் இரும்பை இனாமாக வாங்கினால் சனி பகவானும் கூடவே வருவார் என்பதால், ஒரு ரூபாய் என் கையில் கொடுத்து வாங்கினதாக வைத்துக்கொள். நேற்று ஹவுரா கூட்ஸ் ஷெட்டில் கட்டி ஏற்றிவிட்டேன். ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு நானும் ஷியாமளாவும் கோரமண்டலில் புறப்பட்டு வருகிறோம். அதை டிராக்டரில் மாட்டி, ஏரியில் முதல் வண்டல் அள்ளுவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். இடம் இருந்தால் நானும் ஏறி உட்காருவேன்.

ஜலஜாவுக்கு ஆசி. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். நீ எடுத்த காரியம் எல்லாம் பக்கெட் மாதிரி உயரே போய், போன இடத்திலேயே நிலைத்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
சிவராமகிருஷ்ணன்

பி.கு: ஜெயராமா, ஷியாமளா எழுதறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டு அவர் மத்தியானத் தூக்கம் போட்டிண்டிருக்கார். டப்பாவும் சீட்டுமா என்னைப் படுத்தின பாடு தாங்காம, வெளியில அலையற மாதிரி எதையாவது விசாரிக்கச் சொல்லி அவருக்கு எழுதுடான்னு நான்தான் உன்கிட்ட கேட்டேன். சீக்கிரத்துல முடியாததா இருக்கட்டும்னும் சொன்னேன். நீயும் சமர்த்தா லோடர்னு எழுதினே. இந்த மனுஷனுக்கு எதுதான் பிடிச்சிருக்கு, நாலு வருஷம் ஓடிடும்னு நெனைச்சேன். பிடிச்சுப்போச்சே, நான் என்ன பண்ணுவேன்! உன்கிட்ட இருக்கிறது ஒரு சைக்கிள்தான்னு சொல்லிடலாம்னு அன்னிக்கே வாயைத் திறந்தேன். மேலே உட்கார்ந்துண்டு அவர் சிரிச்ச சிரிப்பைப் பார்த்தேன். ரிடையர் ஆனதுலேர்ந்து அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலைடா. சொல்ல மனசு வரலை. இனிமேலும் சொல்லமாட்டேன். அதனால பொங்கலுக்குள்ள எப்படியாவது ஒரு டிராக்டர் வாங்கிடு. ஓட்டவும் கத்துண்டுடு.