விளக்கு போடாத எழுத்துப் பலகை

கேன்சருக்குப் புதிதாக வந்துகொண்டிருக்கிற ஒரு மருந்தை உருவாக்குவதில் எனக்கும் பங்கு உண்டு. ஆரணியில் இப்படிச் சொல்லிக்கொள்ள என்னை விட்டால் வேறு தறிக்காரன் கிடையாது.

சரி, பொய்தான். பங்கு உண்டு என்பது மட்டும் நிஜம். அது உருவாக்கியதில் இல்லை, கெடுக்கப் பார்த்ததில். (நான் சொல்லச் சொல்ல என் மகள் ஷாலினி போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். செய்யார் கம்பெனியில் அவளுக்கு இன்று லீவு என்பதால் எனக்கு இந்த எழுத்தாளர் வேஷம். 'கெடுக்கப் பார்த்ததில்' என்றதும் இரண்டு தடவை தலையாட்டினாள்.)

என் மனைவி ரெஜினாவுக்குச் சினைப்பையில் கேன்சர். ஆபரேஷன் ஆனது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. முளைத்தது. வேறு மருந்து ஏற்றினார்கள், முளைத்ததும் கொட்டியது. கட்டி மட்டும் எதற்கும் அசையவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே புது மருந்து ஒன்றைச் சோதனையாகக் கொடுக்கிறார்களாம். அதற்குப் பிறகு கொடுக்கத் தங்களிடம் ஒன்றும் இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சீட்டு எழுதியவர் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார், புரிந்துவிட்டது.

சென்னை டாக்டரம்மா பொறுமைசாலி. நான் பட்டுத்தறிக்காரன் என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். கேன்சர் செல்லின் மேல் ஒரு அடையாளம் நிறைய இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருளைச் செய்து, அதோடு விஷத்தைக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறார்கள். செல்லுக்குள்ளே போனதும் கட்டு அவிழும், விஷம் வேலையைக் காட்டும். ரெஜினாவின் கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்ததில் அந்த அடையாளம் இருந்ததாம்.

இருபத்தைந்து வருஷமாக அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறவன் சும்மா இருப்பேனா.

"வழியிலயே முடிச்சு அவுந்துட்டா இன்னாங்க ஆவும்?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மருந்து செய்யறவங்களை ரொம்பக் கவலைப்பட வைக்கிற கேள்வியே அதுதான்" என்றார். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கொஞ்சம் வழியிலே சிந்தும், இந்த மருந்தில் அது கண்ணைப் பிடிக்கலாம், பார்வை மங்கலாம் என்றார். அதற்காகத்தான் தினமும் சொட்டு மருந்து, ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றும் முன்னும் கண் பரிசோதனை, வீட்டில் எழுத ஒரு நோட்டு.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாரம் இந்தக் கதைதான். டாக்டரையே பேனாவைக் கீழே வைக்க வைத்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேள்வி பத்திரமாக இருந்தது. பதிலைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றியபோது வெளியே பெஞ்சில் வந்தவாசிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கிட்னியில் கேன்சர். மருந்து இதே வகைதான், தேடிப் போகிற அடையாளம் மட்டும் வேறு. தன் பேரைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். "கண்ணு மங்குதுன்னு வாயை வுட்டேன், அவ்ளோதான்" என்றார்.

வீடு திரும்பிய நாலாம் நாள் காலை. அறுந்த இழையை என்னைவிட முன்னால் பார்ப்பவள் ரெஜினா. தறிக்கு அந்தப் பக்கம் நின்றே விரலை நீட்டுவாள். அன்று நீளவாக்கில் ஓடுகிற பாவில் ஒரு இழை அறுந்து, ஒரு சாண் நீளத்துக்குத் துணியில் கோடு விழுந்திருக்கிறது. அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், பார்க்கவில்லை.

"தூக்கக் கலக்கமா?" என்றேன்.

"இல்லீங்க. ரெண்டு நாளா கண்ணுல எண்ணெய் தடவுன மாதிரி இருக்குது. போன் போட்டு சொல்லிடலாமா?"

"சொன்னா பேரை எடுத்துடுவாங்க. வாயைத் தொறக்காத."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சேலையில் எங்கேயாவது பழுது விழுந்துவிட்டால் அந்த இடம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, முந்தியை மேலே பளபளவென்று வைத்து முதலாளியிடம் நீட்டுவோம். (ஒப்புக்கொள்கிறவன் நான் ஒருவன்தான், அதனால் நான் ஒருவன்தான் செய்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.) என் பெண்டாட்டியின் கண்ணையும் அப்படி மடிக்க முடிவு செய்தேன்.

முதலில் நோட்டு. தினமும் பார்வை எப்படி என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். எது 'ஒன்றும் இல்லை' கட்டம் என்பதை ஷாலினியிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். மேலிருந்து கீழே பாவு நூல் மாதிரி நேராக டிக் போட்டேன். சென்னை பஸ்ஸில் கை சும்மாதானே இருக்கிறது என்று மிச்சக் கட்டங்களையும் முடித்தேன்.

அடுத்தது கண் பரிசோதனை. முதல் தடவை போனபோதே அந்தத் தமிழ் எழுத்துப் பலகையைப் போனில் படம் பிடித்திருந்தேன். (ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியைக்கூடப் படம் பிடித்தவன்.) ஒரு எழுத்து போன் முழுக்க நிற்கிற அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினால் ரெஜினாவுக்குத் தெரிந்தது. அஞ்சாவது வரை படித்தவள். வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தாள். கேட்டுச் சரிபார்க்கிற வாத்தியார் நான், எனக்கு எழுத்தே தெரியாது. அதனால் உருவத்தை வைத்துப் பிடித்துக்கொண்டேன். 'ப' என்றால் குடித்துவிட்டு வைத்த டம்ளர். 'ட' என்றால் ஒரு பக்கம் இடிந்துபோன டம்ளர். மூன்று நாளில் அவள் ஜெபமாலை சொல்கிற வேகத்தில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு ஒரே பெருமை.

ஆஸ்பத்திரியில் கண் பார்க்கிற ரூமுக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். அங்கே இருந்த பெண் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டே, "ஒரு கண்ணை மூடிக்கோங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். ரெஜினா கண்ணைப் பொத்திக்கொண்டு 'ப'வில் ஆரம்பித்தாள். மூச்சு விடவில்லை, வரிசைக்கு வரிசை நிற்கவில்லை. கடைசி வரியின் பொடி எழுத்து வரை முடித்துவிட்டு, ஆமென் சொல்லாத குறையாகக் கையை இறக்கினாள்.

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நான் இன்னும் விளக்கே போடலை. பலகையும் அந்தப் பக்கம் இல்லை. நீங்க பாத்து படிச்சது துண்டு."

வாஷ்பேசினுக்கு மேலே கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம்தான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் இன்னும் அந்தத் துண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது துண்டுதானா என்று. அவளுக்கு எவ்வளவு தெரியாமல் போயிருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரை எனக்கும் தெரியாது. என்னிடமும் மறைத்திருக்கிறாள். மடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தானே.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். "இன்னிக்குச் சாயந்திரமும் பார்வை நல்லா இருக்கு. நாளைக்கும் நல்லா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமையும் நல்லா இருக்கு" என்று வாசித்தார். நான் தரையைப் பார்த்தேன். பளிங்குத் தரை, ஒரு பழுது கிடையாது.

அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. போச்சு, நானே என் கையால் அவள் பேரை அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து, வேண்டுமானால் என்னை வெளியே தள்ளுங்கள், அவளை விடாதீர்கள் என்று ஏதேதோ உளறினேன். வந்தவாசிக்காரர் கதையையும் சொன்னேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரோட பேரையும் நான் உங்ககிட்ட பேசக் கூடாது. பொதுவாச் சொல்றேன். கண்ணு மங்கினா மருந்தை நிறுத்தி வைப்போம், தேறினதும் அளவைக் குறைச்சுக் கொடுப்போம். கட்டி வளர்ந்தாத்தான் பேரை எடுப்போம். எடுத்ததை வெளியில சொல்றப்ப சில பேருக்குக் கண்ணுன்னு சொல்றது சுலபமா இருக்கும்."

அந்த மனுஷன் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

"இன்னொண்ணு. உங்க நோட்டை நம்பி அடுத்த ஆளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தா அவங்க கண்ணு போகும்" என்றார். நான் உள்பக்கம் மடித்த பழுதைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு பெண் மணவறையில் உட்காருவாள் இல்லையா, அதுபோல. இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

கண் தேற ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் கட்டி வளர்கிறதோ என்று அவள் வயிற்றைப் பார்ப்பதா, கண்ணைப் பார்ப்பதா என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அளவைக் குறைத்து ஏற்றினார்கள். போன ஸ்கேனில் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறதாம். வளரவில்லை, சுருங்கவும் இல்லை. இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா என்று ஷாலினியிடம் கேட்டேன். இப்போதைக்குப் படலாம் என்றாள்.

எனக்கு மிச்சம் ரெண்டு. ஒன்று, பலகையில் இருந்த எழுத்துகளை இப்போது பஸ் போர்டிலும் அடையாளம் தெரிகிறது. (தேவிகாபுரம் பஸ்ஸில் ஒரு இடிந்த டம்ளர்கூட இல்லை, அதனால் அதில் ஏறுமுன் இன்னும் கேட்டுத்தான் ஏறுகிறேன்.) இன்னொன்று, வீட்டில் நான் வாயைத் திறந்து எதைப் பீற்றிக்கொண்டாலும் ஆத்தாளும் மகளும் சேர்ந்து, "விளக்கு போட்டாச்சா?" என்பார்கள். மச்சான் கற்றுக்கொண்டான். டீக்கடை கற்றுக்கொண்டது. போன மாசம் கோயிலில் நான் வாசகத்தைப் பற்றி ஏதோ அபிப்பிராயம் சொல்ல, ஃபாதரே கேட்டுவிட்டார். இதில் பெரிய பேஜார் என்னவென்றால், அந்தக் கண் பார்க்கிற பெண் இன்னும் நாங்கள் போனால்...

"ஏங்க."

உள்ளேயிருந்து ரெஜினா. பதினோரு மணி சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது.

"ஜல்தியா வாங்க. வரும்போது விளக்கைப் போட்டுகினு வாங்க, ஒண்ணும் தெரியலை."

ஷாலினி சிரித்துக்கொண்டே இதையும் தட்டிவிட்டாள். அப்புறம் ஒரு நிமிஷம் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வெளியே பளீரென்று வெயில். உள்ளே விளக்கு காலையிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கிண்டலுக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே தெரியவில்லையா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"ஏங்க," என்கிறாள் மறுபடியும்.

நான் எழுந்து போகிறேன்.